போர்டு மட்டும் போச்சு, விண்டோஸ் அப்படியே வேண்டும்: வழி இருக்கிறதா?

அல்சூர்_அச்சகம் | சனி, இரவு 9.50

வணக்கம். பெங்களூர் அல்சூரில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ், இதுதான் பிழைப்பு. 2014-இல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர், நாலாம் தலைமுறை ஐ5 ப்ராசசர், ஹெச்81 மதர்போர்டு. போன வாரம் மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது, நாலாவது தடவை கரண்ட் வந்தபோது மெஷின் வரவில்லை. எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடையில் காட்டினேன், போர்டு செத்துவிட்டது, இதற்குப் பழைய போர்டு தேடிப் போடுவதை விட புதுசே மேல் என்றார்கள். பேசிப் பேசி ஐ3-12100, ஹெச்610 போர்டு, 8 ஜிபி ரேம் என்று பில் போட்டாயிற்று. கேபினெட்டும் எஸ்எஸ்டியும் பழையதுதான்.

கடைக்காரர் புது விண்டோஸ் போட்டுத் தருகிறேன், அரை மணி நேர வேலை என்றார். வேண்டாம் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஏனென்றால் அந்த எஸ்எஸ்டியில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 இருக்கிறது, யூனிகோட் இல்லாத பழைய தமிழ் ஃபாண்ட் நானூறுக்கு மேல் இருக்கிறது, 2014-இல் காசு கொடுத்து வாங்கிய தமிழ் டைப்பிங் மென்பொருள் இருக்கிறது. சிடி எங்கே என்று தெரியவில்லை, விற்றவர் கடையையே மூடிவிட்டார்.

இப்போது பிரச்சினை, ஆன் செய்தால் பயாஸ் வருகிறது, எஸ்எஸ்டி பெயரும் தெரிகிறது, ஆனால் பூட் வரிசையில் அது இல்லை. அதில் இருப்பது விண்டோஸ் 10. எஸ்எஸ்டி நன்றாகத்தான் இருக்கிறது, அக்காள் மகன் லேப்டாப்பில் யுஎஸ்பி கேபிளில் போட்டுப் பார்த்தான், எல்லா ஃபைலும் திறக்கிறது. திங்கட்கிழமை ஆடித் திருவிழா நோட்டீஸ் கொடுக்கணும்.

கறார்_கணேசன் | சனி, இரவு 10.05

போர்டு மாற்றினால் விண்டோஸை புதுசாகப் போடுவதுதான் முறை. பழைய டிரைவர் குப்பையை எல்லாம் இழுத்துக்கொண்டு போனால் ஆறு மாதத்தில் திரும்ப இங்கே வந்து அழுவீர்கள். ஃபாண்டை காப்பி எடுங்கள், பேஜ்மேக்கர் சிடி யாரிடமாவது இருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், அவ்வளவுதான்.

சிக்பேட்_சிப் | சனி, இரவு 10.20

கணேசன் சார் சொல்வது எக்ஸ்பி காலத்துக்கு நூறு சதவீதம் சரி. அப்போது விண்டோஸ் போடும்போது எந்த டிஸ்க் கன்ட்ரோலர் இருந்ததோ அதற்கான டிரைவரை மட்டும்தான் பூட் நேரத்தில் எடுக்கும், போர்டு மாறினால் 7பி என்று முடியும் நீலத்திரை வந்து நிற்கும். அந்தப் பயம்தான் இன்னும் எல்லோருக்கும் இருக்கிறது. விண்டோஸ் 10 அப்படி இல்லை, புது போர்டைப் பார்த்ததும் தானே டிரைவர்களைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடும். அது நாலைந்து மெஷினில் என் கண்ணால் பார்த்தது.

அண்ணா, உங்கள் சிக்கல் விண்டோஸே இல்லை, அதற்கு முந்தைய படி. 2014 மெஷினில் போட்ட விண்டோஸ் என்றால் அது லெகஸி என்ற பழைய பூட் முறையில், எம்பிஆர் என்ற பழைய வகை பார்ட்டிஷன் அட்டவணை உள்ள டிஸ்க்கில் போட்டிருப்பார்கள். உங்கள் புது போர்டு அநேகமாக யுஇஎஃப்ஐ என்ற புது பூட் முறை மட்டும்தான் பேசும், ஜிபிடி என்ற புது வகை அட்டவணை உள்ள டிஸ்க்தான் கேட்கும். பயாஸில் சிஎஸ்எம் என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள், பழைய முறையில் பூட் ஆக அதுதான் வேண்டும். ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ப்ராசசரிலேயே இருக்கும் டிஸ்ப்ளேயில் ஓட்டுகிறீர்கள் என்றால் இந்தத் தலைமுறையில் சிஎஸ்எம் வேலைக்கு ஆகாது, அந்த வரி தேர்ந்தெடுக்க முடியாமல் மங்கலாக இருக்கும், அல்லது அப்படி ஒரு வரியே இருக்காது.

இரண்டு கேள்வி. விண்டோஸ் 64 பிட்டா 32 பிட்டா? அந்த எஸ்எஸ்டியில் சி மட்டுமா, டி, ஈ என்று பிரித்திருக்கிறதா?

அல்சூர்_அச்சகம் | சனி, இரவு 10.41

சிஎஸ்எம் என்று எழுதியே இல்லை தம்பி. 64 பிட்தான், சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ் என்று இரண்டு ஃபோல்டர் இருக்கிறது, அப்படி இருந்தால் 64 என்று அக்காள் மகன் சொல்கிறான். சி, டி, ஈ மூன்றும் இருக்கிறது. டியில் வேலை, ஈயில் போட்டோ. முதலில் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது, 2019-இல் அப்படியே குளோன் செய்து இந்த எஸ்எஸ்டிக்கு மாற்றினோம்.

கணேசன் சார், ஃபாண்ட் காப்பி எடுக்கலாம், டைப்பிங் மென்பொருளை எப்படிக் காப்பி எடுப்பது? போட்டவுடன் ஒரு நம்பர் காட்டும், அதை போனில் சொன்னால் அவர் பதில் நம்பர் சொல்வார். அந்த போனை எடுக்க இப்போது ஆள் இல்லை.

சிக்பேட்_சிப் | சனி, இரவு 11.02

சரி, இதுதான் வழி, அவசரப்படாமல் செய்யுங்கள். மைக்ரோசாஃப்டே ஒரு கருவி வைத்திருக்கிறது, எம்பிஆர்2ஜிபிடி என்று பெயர், விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. டிஸ்க்கை அழிக்காமல் எம்பிஆரை ஜிபிடியாக மாற்றி, யுஇஎஃப்ஐ பூட்டுக்கு வேண்டிய பகுதியையும் அதுவே உண்டாக்கும். பழைய போர்டு உயிரோடு இருந்திருந்தால் விண்டோஸுக்குள் இருந்தே ஓட்டியிருக்கலாம். உங்களுக்கு அது செத்துப் போனதால் விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவ் ஒன்று தயார் செய்து, அதில் பூட் ஆகி, முதல் திரை வந்ததும் ஷிஃப்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும், அங்கே ஓட்டணும். முதலில் கருவியின் பெயர், இடம் விட்டு ஸ்லாஷ் வேலிடேட், அதே வரியில் இடம் விட்டு ஸ்லாஷ் டிஸ்க் கோலன் போட்டு டிஸ்க் எண். அது வெறும் சோதனை, எதையும் தொடாது. அது சரி என்றால்தான் வேலிடேட் இருக்கும் இடத்தில் கன்வெர்ட் என்று போடணும். எண் எது என்று டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக்குள் போய் லிஸ்ட் டிஸ்க் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், பென் டிரைவும் அந்த வரிசையில் இருக்கும்.

ஆனால் உங்கள் டி, ஈ எனக்கு உறுத்துகிறது. நம் ஊர்க் கடைகளில் பிரிக்கும்போது எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் ஒன்று போட்டு அதற்குள்தான் டி, ஈயை வைப்பார்கள். அப்படி இருந்தால் இந்தக் கருவி ஒத்துக்கொள்ளாது. பிரைமரி பார்ட்டிஷன் மட்டும் இருக்கணும், அதுவும் மூன்றுக்கு மேல் கூடாது. எதற்கும் டி, ஈ இரண்டையும் வேறு டிஸ்க்குக்கு இன்று இரவே காப்பி எடுத்து வையுங்கள். முடிந்தால் எஸ்எஸ்டி முழுவதையும் குளோன்ஸில்லாவில் ஒரு பிரதி எடுங்கள், அது இலவசம். பிரதி இல்லாமல் கன்வெர்ட் அடிக்காதீர்கள்.

மாட்டுங்கா_மணி | சனி, இரவு 11.30

மும்பையிலிருந்து ஒரு எச்சரிக்கை, அண்ணாவுக்கு இல்லை, பின்னால் வந்து படிப்பவர்களுக்கு. போன வருஷம் என் ரைசன் மெஷினில் போர்டு மட்டும் மாற்றினேன், லாமிங்டன் ரோட்டில் வாங்கி வீட்டிலேயே மாட்டினேன், பெருமையாக ஆன் செய்தேன், நீலத்திரையில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதி 48 இலக்கச் சாவி கேட்டது. நான் எப்போது பிட்லாக்கர் போட்டேன் என்றே நினைவில்லை. டிஸ்க்கைத் திறக்கும் ரகசியத்தை மெஷினில் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பெட்டகம் பத்திரமாக வைத்திருக்கும், போர்டு மாறினால் அது வேறு வீடு, பழைய சாவி அங்கே இருக்காது. நல்ல வேளை, மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாவி சேமிப்பில் இருந்தது, போனில் போய் எடுத்தேன். அதற்குப் பிறகு பின் நம்பர் செல்லாது என்றது, அதுவும் டிபிஎம்மோடு கட்டியது. மூன்று வருஷமாக நாலு இலக்கம் அடித்துப் பழகியவனுக்கு பாஸ்வேர்டு எங்கே நினைவிருக்கும்?

போர்டு உயிரோடு இருக்கும்போதே மாற்றுகிறவர்கள் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்துவிட்டு, பாஸ்வேர்டு ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் ஸ்குரூடிரைவரைக் கையில் எடுங்கள்.

கறார்_கணேசன் | சனி, இரவு 11.44

பார்த்தீர்களா, அரை மணி நேர வேலையை விட்டுவிட்டு இத்தனை கூத்து. அந்தப் பழைய விண்டோஸை டிஸ்க்2விஹெச்டி போட்டு ஒரு ஃபைலாக மாற்றி, புது விண்டோஸுக்குள் விர்ச்சுவல் மெஷினாக ஓட்டுங்கள். பேஜ்மேக்கருக்கு அது போதும்.

சிக்பேட்_சிப் | சனி, இரவு 11.50

நல்ல யோசனைதான் சார், நானும் ஒரு காப்பாக அதை வைத்துக்கொள்வேன். ஆனால் 8 ஜிபி ரேமில் இரண்டு விண்டோஸ், அச்சுக்கு அனுப்ப விர்ச்சுவல் மெஷினில் பிரிண்டர், திங்கட்கிழமை காலைக்குள்? முதலில் நேர்வழியைப் பார்ப்போம்.

அல்சூர்_அச்சகம் | ஞாயிறு, பகல் 1.15

காலையில் உட்கார்ந்தோம். பென் டிரைவ் தயார், கறுப்புத் திரை வந்தது, வேலிடேட் போட்டோம். தம்பி சொன்ன மாதிரியே ஆயிற்று, டிஸ்க் லேஅவுட் வேலிடேஷன் ஃபெயில்ட் ஃபார் டிஸ்க் 0 என்று ஒரே வரி. ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குளோன் எடுக்க அதே அளவு டிஸ்க் வீட்டில் இல்லை, ஞாயிறு, எஸ்.பி. ரோடும் மூடியிருக்கும். டி, ஈ மட்டும் எக்ஸ்டர்னலில் காப்பி ஆகிவிட்டது, ராத்திரி மூன்று மணி வரை ஓடியது. சி டிரைவில் இருக்கும் ஃபாண்ட் ஃபோல்டரையும் எடுத்துவிட்டேன். இப்போது எஸ்எஸ்டியை மறுபடியும் லேப்டாப்பில் மாட்டியிருக்கிறோம்.

சிக்பேட்_சிப் | ஞாயிறு, பகல் 1.28

குளோன் இல்லாமல் போவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உங்கள் அவசரம் புரிகிறது. லேப்டாப்பில் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். கீழே எஸ்எஸ்டிக்கு எதிரே கட்டம் கட்டமாக இருக்கும், டி, ஈ இரண்டையும் சுற்றிப் பச்சை நிறத்தில் ஒரு வேலி தெரிந்தால் அதுதான் எக்ஸ்டெண்டட். எந்த டிஸ்க்கைத் தொடுகிறீர்கள் என்று இரண்டு தடவை பாருங்கள், லேப்டாப்பின் சொந்த டிஸ்க்கும் அங்கேதான் இருக்கும். காப்பி எடுத்த ஃபைல் நாலைந்தைத் திறந்து பார்த்துவிட்டு டி, ஈயை டிலீட் செய்யுங்கள்.

பாதிப் பேர் கோட்டை விடும் இடம் இதுதான்: இரண்டையும் அழித்த பிறகும் அந்தப் பச்சை வேலி அப்படியே நிற்கும், உள்ளே காலி இடம் என்று எழுதியிருக்கும். அதன் மேல் வலது கிளிக் செய்து இன்னொரு முறை டிலீட் கொடுக்கணும். கறுப்புப் பட்டையாக மாறினால்தான் எக்ஸ்டெண்டட் போனது.

அல்சூர்_அச்சகம் | ஞாயிறு, பகல் 3.40

பச்சை வேலி! அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அங்கேயே நின்றிருப்பேன். கறுப்பாக மாறியது, எஸ்எஸ்டியைத் திரும்ப மெஷினில் மாட்டி வேலிடேட் போட்டோம், தாண்டியது. கன்வெர்ட் அடிக்கும்போது என் கை நடுங்கியதால் அக்காள் மகன்தான் எண்டர் தட்டினான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பென் டிரைவைப் பிடுங்கி ரீஸ்டார்ட் செய்தோம், பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் என்று புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது.

அப்புறம் வட்டம் சுற்றியது, டிவைஸ்களைத் தயார் செய்கிறேன் என்று சதவீதம் ஓடியது, 100 வந்து, ஒரு தடவை தானாக அணைந்து எரிந்து, என் டெஸ்க்டாப் வந்துவிட்டது. பின்னால் முருகர் படம், ஐகான் எல்லாம் ஊதிப்போய்ப் பெரிசாக இருக்கிறது. பேஜ்மேக்கர் திறந்தது, எக்ஸ்டர்னலில் இருக்கும் போன வருஷ நோட்டீஸும் திறந்தது. ஆனால் டைப்பிங் மென்பொருள் திறக்க மாட்டேன் என்கிறது, பழையபடி நம்பர் காட்டிப் பதில் நம்பர் கேட்கிறது. இன்டர்நெட்டும் இல்லை. ஓரத்தில் விண்டோஸை ஆக்டிவேட் செய் என்று வேறு வருகிறது.

ஒயிட்ஃபீல்டு_பெங்குவின் | ஞாயிறு, பகல் 3.55

வாழ்த்துகள் அண்ணா. என் டெபியன் லினக்ஸ் டிஸ்க்கை இப்படித்தான் வேறு போர்டுக்கு மாற்றினேன், மாறியது நெட்வொர்க் கார்டின் பெயர் மட்டும், ஈஎன்பி3எஸ்0 என்று இருந்தது ஈஎன்பி4எஸ்0 ஆயிற்று. பூட் பதிவு பழைய போர்டின் மெமரியில் இருந்ததால் அதை மட்டும் திரும்ப எழுதணும். உங்களுக்கு உதவாத தகவல், சும்மா சொல்லிவைத்தேன்.

சிக்பேட்_சிப் | ஞாயிறு, மாலை 4.10

ஐகான் பெரிசாக இருப்பது டிஸ்ப்ளே டிரைவர் இல்லாததால். போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி யுஎஸ்பி டெதரிங் போடுங்கள், நெட் வந்துவிடும், போர்டு தயாரித்தவர்களின் தளத்தில் சிப்செட், லேன், கிராபிக்ஸ் மூன்றையும் எடுத்துப் போடுங்கள்.

ஆக்டிவேஷன்: பிழை எண் எஃப்211 என்று முடிகிறதா? அப்படியென்றால் ஹார்டுவேர் மாறிவிட்டது என்று அர்த்தம். போர்டு மாறினால் விண்டோஸுக்கு அது வேறு கம்ப்யூட்டர். லைசன்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முன்பே இணைத்திருந்தால் டிரபிள்ஷூட்டரில் போய், சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன் என்று சொல்லிப் பார்க்கலாம், 2016-இல் வந்த வசதி. இணைத்திருந்தீர்களா?

அல்சூர்_அச்சகம் | ஞாயிறு, மாலை 4.32

நெட் வந்தது. அதே எண்தான். கணக்கெல்லாம் எதுவும் இல்லை, நேராக உள்ளே போகும். முதலில் விண்டோஸ் 7 ப்ரொஃபஷனல், 2016-இல் இலவசம் என்றார்கள், 10 ஆக்கிக்கொண்டேன். ஸ்டிக்கர் கேபினெட் பக்கத்தில் இருக்கிறது, எழுத்து பாதி அழிந்துவிட்டது.

மாட்டுங்கா_மணி | ஞாயிறு, மாலை 4.45

ஸ்டிக்கர் தெரிந்தாலும் பயனில்லை அண்ணா, 7, 8 சாவிகளை வைத்து 10-ஐ ஆக்டிவேட் செய்யும் வழியை 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். கேபினெட்டில் ஸ்டிக்கர் ஒட்டி வருவது பெரும்பாலும் ஓஇஎம், அதாவது கம்ப்யூட்டரோடு சேர்த்து விற்கும் லைசன்ஸ், அது போர்டோடு பிறந்து போர்டோடு போவது. ரீட்டெயில், அதாவது தனியாக விற்கும் லைசன்ஸ் வாங்கினால்தான் அடுத்த போர்டுக்கு எடுத்துப் போகலாம். இன்னொன்று, லைசன்ஸ் வகையைக் காட்டும் எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையைப் போட்டுப் பார்த்து ரீட்டெயில் சானல் என்று காட்டுகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், இலவசமாக மேம்படுத்திய எல்லோருக்கும் ஒரே பொது சாவி, எல்லோருக்கும் அப்படித்தான் காட்டும்.

புதிதாக வாங்குங்கள். வாங்கும்போது ப்ரோ வாங்குங்கள், விலை குறைவு என்று ஹோம் வாங்கினால் ப்ரோவை ஹோமாக இறக்க முடியாது, புதுசாகப் போட வேண்டியிருக்கும், இத்தனை பாடும் வீண். 500 ரூபாய்க்கு சாவி என்று வருவதைத் தொடாதீர்கள். அவசரமில்லை, ஆக்டிவேட் செய்யாவிட்டாலும் நாளை நோட்டீஸ் அடிக்கலாம்.

கறார்_கணேசன் | ஞாயிறு, மாலை 5.05

பூட் ஆனதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, இந்த மெஷினில் பேங்க் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். ப்ராசசர் 12-ஆம் தலைமுறை, இப்போது யுஇஎஃப்ஐயும் ஆயிற்று, நினைத்தால் ஃபைல் போகாமல் 11-க்கு மேம்படுத்தலாம்.

டைப்பிங் மென்பொருளுக்கு வருவோம். அந்த நம்பர் எதை வைத்து வருகிறது? டிஸ்க்கை வைத்து என்றால் உங்கள் எஸ்எஸ்டி மாறவே இல்லை, திறந்திருக்கணும். நான் 2010 வாக்கில் இப்படிப்பட்ட மென்பொருள்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், பெரும்பாலும் லேன் கார்டின் மேக் முகவரியை, அதாவது அந்தக் கார்டுக்கே உரிய எண்ணைப் பிடித்துக்கொள்ளும். புது போர்டு, புது முகவரி. பழைய போர்டில் சின்ன வெள்ளை ஸ்டிக்கரில் 12 எழுத்து எண் இருக்கும், அதைப் படித்துச் சொல்லுங்கள்.

அல்சூர்_அச்சகம் | ஞாயிறு, மாலை 5.12

பழைய போர்டைக் கடையிலேயே ஸ்கிராப்புக்கு விட்டுவிட்டேனே சார். 200 ரூபாய் கழித்தார்.

கறார்_கணேசன் | ஞாயிறு, மாலை 5.30

இருங்கள், தலையில் கை வைக்காதீர்கள். கமாண்ட் பிராம்ட்டில் ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல் போடுங்கள். அதில் டிஹெச்சிபிவி6 கிளையண்ட் டியுஐடி என்று ஒரு நீள வரி வரும், இரண்டிரண்டு எழுத்தாகக் கோடு போட்டுப் பிரித்து 14 ஜோடி. முதல் நாலு ஜோடி வகை, அடுத்த நாலு நேரம், கடைசி ஆறு ஜோடி அந்த வரி முதன்முதலில் உண்டானபோது மெஷினில் இருந்த லேன் கார்டின் முகவரி. விண்டோஸ் அதை ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்துவிடும், கார்டு மாறினாலும் மாற்றாது.

புது லேன் கார்டின் முகவரியோடு ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் அதுதான் செத்துப்போன போர்டின் முகவரி. டிவைஸ் மேனேஜரில் லேன் கார்டு, அட்வான்ஸ்டு, நெட்வொர்க் அட்ரஸ், அங்கே கோடு இல்லாமல் 12 எழுத்தையும் போடுங்கள். கேபிள் லேனில்தான் இது நடக்கும், வைஃபையில் சில எண்களை மட்டுமே விண்டோஸ் ஏற்கும். காசு கொடுத்து வாங்கிய மென்பொருள், விற்றவர் இல்லை, எனக்கு இதில் உறுத்தல் இல்லை.

சிக்பேட்_சிப் | ஞாயிறு, மாலை 5.38

கணேசன் சார், இது எனக்கே புதுசு. புது விண்டோஸ் போட்டிருந்தால் அந்த வரியும் அழிந்திருக்குமே?

கறார்_கணேசன் | ஞாயிறு, மாலை 5.41

அழிந்திருக்கும். சரி, சரி.

அல்சூர்_அச்சகம் | ஞாயிறு, மாலை 6.25

கடைசி ஆறு ஜோடி வேறாகத்தான் இருந்தது. போட்டு ஓகே கொடுத்ததும் லேன் ஒரு தடவை போய் வந்தது. ஐகானைத் தட்டினேன், ஒன்றும் கேட்கவில்லை, கீழே வலது ஓரத்தில் அந்தச் சின்ன அ எழுத்து வந்து உட்கார்ந்தது. அருள்மிகு என்று அடித்துப் பார்த்தேன், கு கொக்கியோடு சரியாக விழுந்தது. என் மனைவி உள்ளே இருந்து வந்து என்ன சத்தம் என்று கேட்டாள், அக்காள் மகன் கை தட்டிக்கொண்டிருந்தான்.

ஆடி நோட்டீஸில் தேதியும் உபயதாரர் பெயரும் மாற்றிக்கொண்டிருக்கிறேன். கணேசன் சார், அல்சூர் பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள், உங்கள் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை என் செலவு.

சிக்பேட்_சிப் | திங்கள், மாலை 7.10

நோட்டீஸ் போய்விட்டதா? அப்புறம் அண்ணா, குளோன்?

அல்சூர்_அச்சகம் | திங்கள், மாலை 7.32

இரண்டாயிரம் நோட்டீஸும் பதினொரு மணிக்கே போய்விட்டது. திரும்பும்போது எஸ்.பி. ரோட்டில் இறங்கி இன்னொரு எஸ்எஸ்டி வாங்கினேன், போர்டை ஸ்கிராப்புக்கு எடுத்தவர் சிரிக்கிறார். குளோன் ஓடிக்கொண்டிருக்கிறது, 43 சதவீதம். யுபிஎஸ்ஸுக்கும் சொல்லியிருக்கிறேன், நாளை வருகிறது.